மோட்டார் வண்டியும் காரீயமும்

நன்கு பேணப்பட்ட பழைய மோட்டார் வண்டியொன்றைக் காண்போர் அதன் வடிவழகையும் மினுமினுப்பையும் கண்டு வியப்பர். கூரையினின்று பின்புறம் வரையில் ஒரே தகட்டை வளைத்துச் செய்தாற்போல அதன் மேனி இழைந்து செல்லும். ஆயினும் அது ஒரே தகடன்று. பல தகடுகளைத் தனித்தனியே அச்சில் அழுத்தியெடுத்து ஒன்றோடொன்று பற்றவைத்துச் சேர்த்ததேயாகும். அங்ஙனமாயின் அத்தகடுகள் கூடும் வாய்கள் நம் கண்ணுக்குப் புலப்படாமைக்குக் காரணம் யாது? வர்ணப் பூச்சின் கீழே காரீயக் கலவையொன்று அவ்வாய்களை நிரப்பி நிற்பதே காரணம். இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வண்டி செய்தோர் இம்முறையைப் பெரிதும் கையாண்டனர். அக்கலவையின் இயல்பு எத்தகையது, அதனை இடும் முறை யாது, பின்னர் அது கைவிடப்பட்டது ஏன், பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் இன்றும் அதனை நாடுவது ஏன் என்பவற்றை இக்கட்டுரையின்கண் ஆராய்வோம்.

முதற்கண் பெயர்களைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். நம் நாட்டு வழக்கில் ஈயம் என்னும் ஒரு சொல்லே இரண்டு உலோகங்களைக் குறிக்கின்றது. துப்பாக்கிக் குண்டு வார்க்கப் பயன்பட்ட, கனமும் மென்மையும் கருமையும் பொருந்திய உலோகம் காரீயம். பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தே பூசப்படும் வெண்ணிற உலோகம் வெள்ளீயம். பழைய ரோமரும் இவ்விரண்டனையும் கரிய ஈயம், வெண்ணிற ஈயம் என்றே பகுத்து வழங்கினர் என்பது அறிந்து மகிழத்தக்கது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்பார், இரண்டு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவையால் நீர்க்குழாய்களைப் பற்றவைக்கும் வழக்கத்தைத் தம் நூலிற் குறித்துள்ளார். மோட்டார் வண்டித் தொழிலாளர் கையாண்ட பற்றாசும் ஏறக்குறைய இதுவேயாம். நூற்றுக்கு 70 பங்கு காரீயமும் 30 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவையே அவர்கள் பெரிதும் விரும்பியது. குழாய் வேலைக்காரரின் பழங்கலை, ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் மோட்டார் வண்டிப் பட்டறையிற் புகுந்தது எனலாம்.

இனி, வண்டிக்கு இக்கலவை வேண்டப்பட்டமைக்குக் காரணம் கூறுவாம். ஆதியில் மோட்டார் வண்டியின் மேற்கூடு குதிரை வண்டியின் கூட்டைப்போல மரச்சட்டத்தின்மேல் அமைக்கப்பட்டது. அச்சட்டத்தின்மீது தகடுகளைக் கையால் அடித்து வளைத்துப் பொருத்தினர். பின்னர், பிலடெல்பியா நகரில் எட்வர்ட் பட் என்பார் 1912ஆம் ஆண்டில் ஒரு தொழிற்சாலை நிறுவி, மரச்சட்டமின்றி எஃகுத் தகடுகளாலேயே கூடு செய்யும் முறையைப் பரப்பினார். டாட்ஜ் சகோதரர் அவருடைய முதற் பெரும் வாடிக்கையாளருள் ஒருவராயினர். ஆயினும் அக்காலத்தில் அகலமான எஃகுத் தகடு கிடைத்தல் அரிது. கூரை முழுவதையும் ஒரே தகட்டால் மூட இயலாமையால் அதன் நடுவே துணியை இழுத்துக் கட்டி எண்ணெய்ப் பூச்சிட்டு மூடுவது வழக்கமாயிருந்தது. 1920களில் அமெரிக்காவில் அகன்ற தகடுகளை இடைவிடாது உருட்டும் ஆலைகள் தோன்றிய பின்னரே இக்குறை நீங்கிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1935ஆம் ஆண்டு வண்டிகளில் ஒரே எஃகுத் தகட்டாலான கூரையை அமைத்து, அதனைப் பெருமையுடன் விளம்பரஞ் செய்தனர்.

கூரை ஒரே தகடாயினும், கூரையும் பின்பக்கத் தகடும் சந்திக்கும் இடம், கதவுத் தூணின் அடி, முன்கண்ணாடியின் இருமருங்கு ஆகியவற்றில் பொருத்துவாய்கள் இருந்தே தீரும். அவற்றை நெருப்பாற் பற்றவைத்து, மேடான பகுதியைத் தேய்த்துச் சமமாக்கினால் ஆகாதோ என்று சிலர் வினவலாம். வண்டித் தகட்டின் கனம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. எஃகு உருகும் உஷ்ணத்தில் அத்துணை மெல்லிய தகடு சுருங்கி நெளியும். நெளிந்ததைத் தேய்க்கத் தேய்க்க அது மேலும் மெலிந்து வலியிழக்கும். ஆதலால் பொருத்துவாயைச் சிறிது பள்ளமாகவே அமைத்து, உறுதிக்கு மட்டும் பற்றவைத்து, அப்பள்ளத்தைக் குறைந்த உஷ்ணத்தில் உருகும் மற்றோர் உலோகத்தால் நிரப்பித் தேய்ப்பதே தக்க வழியாயிற்று. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாகுவார் ஈ டைப் என்னும் புகழ்பெற்ற ஆங்கில வண்டி இதற்கு நல்ல சான்று. சிறு தொகையாகச் செய்யப்படும் வண்டிக்குப் பேரச்சுகள் வாங்குதல் கட்டுப்படியாகாமையால், அதன் கூடு பல சிறு தகடுகளை இணைத்து ஆக்கப்பட்டது. அவ்விணைப்புகளை மறைத்து அதன் மேனியை ஒருசீராக்கியது காரீயமே.

காரீயம் மட்டும் போதாதோ, வெள்ளீயம் ஏன் என்பது அடுத்த வினா. உருகிய காரீயத்தை எஃகின்மேல் ஊற்றினால் அது தாமரையிலைத் தண்ணீர்போல ஒட்டாது உருண்டோடும். காரீயமும் இரும்பும் ஒன்றிலொன்று கரைவதில்லை. வெள்ளீயமோ இரும்புடன் கூடி, இரண்டற்கும் இடையே மெல்லிய புதுக்கூட்டுப் பொருளொன்றைத் தோற்றுவிக்கும். அதே வெள்ளீயம் காரீயத்தோடும் நன்கு கலக்கும். ஆகவே பகைவர் இருவருக்கிடையே நின்று உறவு கூட்டும் நண்பனைப்போல அது பயன்படுகின்றது. ஆயினும் அதன் பயன் இவ்வளவில் முடிந்துவிடவில்லை.

தூய காரீயம் சென்டிகிரேட் 327 டிகிரியிலும், தூய வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகும். தூய உலோகம் தன் உருகுநிலையை எட்டியதும், திண்மையினின்று நேரே நீராகிவிடும். இடைப்பட்ட நிலை அதற்கில்லை. கலவையின் போக்கு வேறு. 70க்கு 30 என்ற அளவிலமைந்த கலவை 183 டிகிரியில் உருகத் தொடங்கி, ஏறக்குறைய 255 டிகிரியிலேதான் முற்றும் நீராகும். தொடக்கத்தில் அதில் நாலில் ஒரு பங்களவே உருகியிருக்க, எஞ்சியது காரீயம் மிகுந்த சிறு மணிகளாய் அந்நீரினிடையே கிடக்கும். கொத்தனார் குழைக்கும் சாந்தில் மணலும் சுண்ணாம்பு நீரும் நிற்கும் நிலையை இதற்கு ஒப்பிடலாம். அச்சாந்தைச் செங்குத்தான சுவரிலும் கரணையாற் பூசுகின்றோமல்லவா? அவ்வாறே இக்கலவையையும் கதவின் செங்குத்தான முகத்தில் வழியாமல் அப்பி, வேண்டிய வடிவில் வழிக்கலாம். பாதிக்குப் பாதி சேர்ந்த கலவையில் இந்த இடைநிலை முப்பது டிகிரியளவே. கைவேலைக்காரன் நிதானிக்கு முன்னரே அது ஒழுகிவிடும். எனவே இத்தொழிலின் உயிர்நிலை பதமறிதலேயாம்.

அதனைச் செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலில் தகட்டிலுள்ள வர்ணத்தையும் துருவையும் அடியோடு நீக்கி, வெள்ளிபோல் ஒளிரச் செய்தல் வேண்டும். அடுத்தது வெள்ளீயப் பூச்சு. துத்தநாகத்தை உப்புத் திராவகத்திற் கரைத்த நீரையோ, பற்றாசுப் பொடி கலந்த பசையையோ தகட்டின்மேல் தடவி, ஊதுவிளக்கின் மெல்லிய சுடரால் சூடேற்றித் துணியால் துடைத்தால் தகடு முழுவதும் பளபளவென்று வெளுக்கும். நம் ஊர்த் தெருக்களில் ஈயம் பூசுவோர் நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சினால் துடைத்துப் பாத்திரத்தை வெளுப்பாக்குவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. இரண்டிடத்தும் தத்துவம் ஒன்றே. உலோகத்தின்மேற் படிந்த களிம்பை உப்பு அகற்ற, வெள்ளீயம் பற்றிக்கொள்ளுகின்றது. இப்பூச்சில் ஓரங்குல இடம் விடுபட்டாலும் அவ்விடத்தே மேலிடும் காரீயம் பற்றாது. நாளடைவில் உப்பிப் பெயரும்.

பின்னர்த் திராவகத்தின் எச்சத்தை நன்றாகக் கழுவி, கலவைக் கோலைச் சுடரில் காட்டி, இளகிய நுனியைத் தகட்டின்மேல் அழுத்திச் சிறு குவைகளாக இட்டுச் செல்வர். போதுமான அளவு இட்டபின், சுடரை அருகே கொணர்ந்தும் விலக்கியும் பதத்தை நிறுத்திக்கொண்டு, மரத்துடுப்பினால் அதனை வழித்துப் பரப்புவர். மரம் உஷ்ணத்தை எளிதிற் கடத்தாதாகையால் கலவை குளிர்ந்து இறுகுவதில்லை. துடுப்பில் கலவை ஒட்டாதிருத்தற்பொருட்டுத் தேன்மெழுகையோ விலங்குக் கொழுப்பையோ அடிக்கடி அதிற் பூசிக்கொள்வர். ஒரு கையிற் சுடரும் மறு கையில் துடுப்புமாக நின்று, கலவை மங்குவதும் மினுங்குவதும் நோக்கியே உஷ்ணத்தை மதித்தல் வேண்டும். அங்கே உஷ்ணமானி உதவாது. பழகிய கண்ணே உதவும்.

ஆறியபின், அகன்ற வளைபற்களையுடைய அரத்தால் அராவுவர். அரம் மேட்டைத் தொட்டுப் பள்ளத்தை விட்டுச் செல்லுமாதலால், அராவப்படாத இடமே பள்ளமென்று தெரியவரும். இறுதியில் உள்ளங்கையைத் தகட்டின்மேல் ஓட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தாழ்வையும் கையால் உணர்ந்து திருத்துவர். முடிவில் சோடா உப்பு நீரால் மீண்டுங் கழுவுதல் இன்றியமையாதது. எஞ்சிய திராவகம் சிறிதிருப்பினும், சில மாதங்களில் வர்ணத்தின் கீழே துருவும் கொப்புளமும் தோன்றி முழு வேலையும் பாழாகும்.

புதிய வண்டி செய்தற்கேயன்றி, மோதி நெளிந்த வண்டியைப் பழுது பார்த்தற்கும் இம்முறை பயன்பட்டது. முதலில் சொட்டையைச் சுத்தியாலும் அடிதாங்கியாலும் கூடியவரை நிமிர்த்தி, எஞ்சிய சிறு பள்ளத்தை மட்டும் நிரப்புவதே முறை. தகட்டை நிமிர்த்த அறியாதவன் காரீயத்தை அள்ளி அப்புவான். கைதேர்ந்தவனோ அதனைச் சிறிதே செலவிடுவான். இரண்டாம் உலகப்போரில் மலேயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் 1942ஆம் ஆண்டு தொடக்கத்திற்குள் ஜப்பானியர் வசமாகவே, அந்நாடுகளினின்று மேனாட்டாருக்குச் சென்ற வெள்ளீயம் தடைப்பட்டது. அமெரிக்காவில் பொதுமக்களுக்குரிய புதிய வண்டிகளின் உற்பத்தியும் அவ்வாண்டு பிப்ரவரியில் நின்றது. உள்ள வண்டிகளையே பழுது பார்த்து ஓட்டவேண்டிய காலத்தில், அப்பழுதுக்கு வேண்டிய உலோகமே அருமையாயிற்று. வெள்ளீயத்தை மிகக் குறைத்து ஆன்ட்டிமனி சிறிது சேர்த்த கலவைகளும் பின்னர் வழங்கலாயின.

போருக்குப் பின் கலிபோர்னியா மாகாணத்து இளைஞர்கள் பழைய வண்டிகளை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, கைப்பிடிகளை நீக்கி, விளக்குகளை உள்ளடக்கி, வெட்டிய இடமெல்லாம் காரீயத்தால் இழைத்துப் புதுவடிவம் கொடுத்தனர். ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்னும் சகோதரர் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றனர். 1951ஆம் ஆண்டு மெர்க்குரி வண்டியொன்றை அவர்கள் 1952ல் மாற்றியமைத்தது இன்றும் பேசப்படுகின்றது. அத்தகைய வண்டிகளுக்கு ஈயச் சறுக்குவண்டி என்னும் பொருளுடைய ‘லெட் ஸ்லெட்’ என்பது செல்லப் பெயராய் வழங்கிற்று.

இத்துணைப் பயனுள்ள கலவை கைவிடப்பட்டது ஏன்? அதனைக் கையாண்டவர்களின் உடலே இதற்கு முதல் விடை கூறும். காரீயம் நஞ்சென்பது பண்டை வைத்தியரும் அறிந்ததே. அது உடலிற் புகுந்தால் சுண்ணச்சத்துப்போல எலும்பிற் சென்று தங்கிப் பல்லாண்டுகள் அகலாது. இரத்தத்தின் செந்நிறப் பொருள் உண்டாவதைத் தடுத்துச் சோகையை விளைக்கும். வயிற்றில் கடுஞ்சூலையும், மலச்சிக்கலும், மூட்டுநோவும் தோன்றும். நோய் முற்றினால் மணிக்கட்டு வலியிழந்து கை தொங்கிவிடும். ஈறுகளில் நீலக்கோடு தோன்றுதலை 1840ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் பர்ட்டன் விளக்கினார். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் வைத்திய அம்மையார் 1910 முதல் இல்லினாய் மாகாணத் தொழிற்சாலைகளில் நேரே புகுந்து ஆராய்ந்து, காரீயத்தால் நலிந்தோர் பலரைக் கண்டறிந்து உலகிற்கு உணர்த்தினார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். உருகிய ஈயமே அபாயம், ஆறிய ஈயம் அபாயமற்றது என்று பலர் எண்ணக்கூடும். இத்தொழிலில் உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. பதமறிந்து குறைந்த சூட்டில் வேலை செய்தால் காரீயம் ஆவியாவது மிகச் சொற்பமே. சுடர் மிகுந்தால் மட்டும் நச்சுப் புகை பெருகும். பெருங்கேடு ஆறிய பின்னரே தொடங்குகின்றது. அரத்தால் அராவும்போது விழுவன கனத்த சீவல்கள். அவை கீழே விழுந்து கிடக்கும். ஆனால் விரைவை விரும்பிய தொழிற்சாலைகள் மின்சாரத்தாற் சுழலும் சாணைத் தட்டுகளைப் புகுத்தின. அவை காரீயத்தைக் கண்ணுக்குப் புலனாகாத தூசியாக்கிக் காற்றிற் பரப்பின. அத்தூசி மூச்சோடு நுரையீரலிற் புகும். கையிற் படிந்து உணவோடு வயிற்றிற் புகும். உடையில் ஒட்டி வீடு சென்று குழந்தைகளையும் தாக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது சிதைக்கும். இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தாரின் முடிபு.

ஆகவே தொழிற்சாலைகளில் சாணை பிடிப்போரைத் தனி அறையிலமர்த்தி, தூசியை இழுத்தகற்றும் விசிறிகள் வைத்து, வெளிக்காற்றைக் குழாய்வழியே ஊட்டும் முகமூடி அணிவித்து, இரத்தப் பரிசோதனையும் செய்யவேண்டியதாயிற்று. 1978ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் பிறப்பித்த விதி, தொழிலாளர் மூச்சிற் கொள்ளும் காற்றில் எட்டுமணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் காரீயமே இருக்கலாமென வரையறுத்தது. இரத்தத்திற் காரீயம் மிகுந்தவரை அவ்வேலையினின்று விலக்கி வைக்குங்காலத்தும் அவர் ஊதியம் குறையலாகாது என்பதும் அவ்விதியின் ஒரு பகுதி. நோயை மறைத்து வேலைக்கு வரும்படி வறுமை ஒருவனை வற்புறுத்தலாகாது என்னும் கருத்து அதில் அமைந்திருத்தல் போற்றத்தக்கது.

இதனிடையே வேறு வழிகளும் தோன்றின. 1950களின் நடுவிலிருந்து பாலியெஸ்டர் பிசினும் வெண்கல் மாவும் கலந்த பசை பட்டறைகளிற் பரவலாயிற்று. நம் பட்டறைகளில் ‘பட்டி’ என வழங்குவது இவ்வினத்ததே. நெருப்பின்றி, சிறு பயிற்சியுடன், சில நிமிஷங்களில் இறுகுமாதலால் பழுது பார்ப்போர் அதனை விரும்பினர். தொழிற்சாலைகளோ சிலிக்கன் வெண்கலத்தாற் பொருத்துவாயை மூடியும், பொருத்துவாயைக் கூரையின் ஓரத்துப் பள்ளத்தில் அமைத்து ரப்பர்ப் பட்டையால் மறைத்தும் காரீயத்தை விட்டொழித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டுக் கட்டளை, சில விலக்குகள் நீங்கலாக, 2003 ஜூலை முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில் காரீயத்தைத் தடுத்துவிட்டது.

அங்ஙனமாயின், பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் இன்றும் காரீயத்தைத் தேடுவது வெறும் பழமைப் பற்றோ எனின், முற்றும் அன்று. பாலியெஸ்டர்ப் பட்டி நீரை ஒருவாறு உறிஞ்சும். அடியிலுள்ள தகடு துருப்பிடிக்க அது இடந்தரும். கதவின் விளிம்புபோல அடிக்கடி அதிர்வும் தாக்குதலும் படும் இடத்தில் அது வெடித்துப் பெயரும். காரீயக் கலவையோ உலோகத்தோடு உலோகமாய் ஒன்றி, நீர்புகாது, விளிம்பிலும் நிலைத்து நிற்கும். எனவே விளிம்புகளுக்கும் பொருத்துவாய்களுக்கும் காரீயம், அகன்ற முகத்திலுள்ள ஆழமற்ற சொட்டைக்குப் பட்டி என்று பகுத்துக் கொள்வது அறிவுடைமை. காரீயமில்லாத, வெள்ளீயமே மிகுந்த கலவைகளும் இக்காலத்துக் கிடைக்கின்றன. அவற்றின் விலை அதிகம். பதம் நிற்கும் எல்லையும் குறுகியது. ஆயினும் உடல்நலங் கருதுவோர்க்கு அவை உகந்தனவே. துருவால் ஓட்டை விழுந்த தகட்டிற்கோ இவற்றுள் எதுவும் மருந்தாகாது. அழிந்த பகுதியை வெட்டியெறிந்து புதுத்தகடு பற்றவைப்பதே முறை.

பழைய வண்டியொன்றில் கை வைப்போர் சிலவற்றை மறத்தலாகாது. கூரையும் பின்தகடும் கூடுமிடத்தில் வர்ணத்தின் கீழே காரீயமிருக்குமென்றே கொள்க. அவ்விடத்தில் மின்சாரச் சாணையையோ மணல்வீச்சையோ செலுத்தற்க. அரத்தாலேயே அராவி, விழும் சீவல்களைத் தாளிற் சேர்த்துத் தனியே அகற்றுக. வேலை செய்யும் இடத்தில் உண்ணலும் புகைத்தலும் கூடா. தக்க முகமூடி அணிக. கைகழுவி, வேலையுடையைக் களைந்த பின்னரே குழந்தைகளை அணுகுக. இவை செலவு மிகுந்த காரியங்கள் அல்ல. கவனம் ஒன்றே வேண்டுவது.

வேலை செவ்வையாக முடிந்தால் அது செய்யப்பட்ட இடமே தெரியலாகாது என்பது காரீய வேலையின் இலக்கணம். அவ்வேலை செய்தோரின் பெயரும், அவருள் பலர் அடைந்த நோவும் அவ்வாறே பூச்சின்கீழ் மறைந்தன. பழைய வண்டியின் எழிலைக் கண்டு மகிழும்போது அவர்களையும் நினைத்தல் நன்று. இனி அக்கலையைப் பயில்வோர், பதமறியும் கண்ணோடு தூசிக்கு அஞ்சும் அறிவையும் ஒருங்கே பெறுவாராயின், அக்கலை பிழைக்கும். அவரும் நலமுடன் வாழ்வர்.